வானூர்திக் கல்வியும் மாணவர் மனக்குறையும்

(பொத்தேரியில் நடைபெற்ற வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)

 

வெள்ளி விழா மகிழ்ச்சிக்குரிய நாள். இருபத்தைந்து ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகளைக் கல்லூரி வாயிலுக்குள் அனுப்பினோம் என்று எண்ணிப் பார்த்துப் பெருமை கொள்கின்றோம். அப்பெருமை நியாயமானதே. ஆயினும், உள்ளே சென்ற பிள்ளைக்கு அங்கே என்ன கிடைத்தது என்னும் கேள்வியையும் இந்நாளில் நாம் கேட்டாக வேண்டும். அக்கேள்வியை, நம் இளைஞர் பலர் இன்று விரும்பிச் சேரும் வானூர்திக் கல்வியை முன்வைத்து ஆராயப் புகுகின்றோம்.

இத்துறையின்மீது நம் பிள்ளைகளுக்கு நாட்டம் உண்டாவதில் வியப்பில்லை. பொத்தேரியில் மின்தொடர் வண்டி ஏறுகின்ற மாணவன், தாம்பரத்தில் விமானப்படைத் தளத்தைக் கடக்கின்றான். குரோம்பேட்டையில் சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தைக் கடக்கின்றான். திரிசூலத்தில் இறங்கினால் எதிரே விமான நிலையம். நாள்தோறும் தலைக்கு மேலே பறப்பதை ஒருநாள் தன் கையால் தொட்டுப் பழுது பார்க்க வேண்டும் என்று அவன் எண்ணுவது இயல்பே. அந்த எண்ணத்தை நம்பித்தான் பெற்றோர் நகையை அடகு வைக்கின்றனர். வட்டிக்குக் கடன் வாங்குகின்றனர்.

ஆனால், சேர்ந்து ஓராண்டு கழிந்தபின் நம்மிடம் வந்து அப்பிள்ளைகள் சொல்வது என்ன? பெயர் குறிப்பிடாமல், பல இடங்களில் கேட்டவற்றைத் தொகுத்துச் சொல்கின்றோம். வகுப்பில் பழைய குறிப்புகளை வாசித்து எழுத வைப்பதே பாடம். ஆசிரியர் ஒருவர் ஒரு பருவம் முழுவதும் நிலைப்பதில்லை. கொட்டகையில் ஒரு விமானம் நிற்கின்றது, அதன் எஞ்சினைத் திறந்து காட்டுவார் இல்லை. லாக் புக் எனப்படும் செய்முறைப் பதிவேட்டிலோ செய்யாத வேலையெல்லாம் செய்ததாக எழுதிக் கையொப்பம் பெறப்படுகின்றது. நேரடிப் பயிற்சிக்கு அனுப்புவதாகத் தனிக் கட்டணம் பெறப்பட்டது, பயிற்சி வரவில்லை. இவற்றைச் சொன்னால், 'படிக்க வந்தவன் படிப்பை மட்டும் பார்' என்னும் விடையே கிடைக்கின்றது.

இம்மனக்குறையைப் புரிந்துகொள்ள, இக்கல்வியின் அமைப்பை முதலில் அறிதல் நலம். 'விமானக் கல்லூரி' என்னும் ஒரே பெயர்ப்பலகையின் கீழ் மூன்று வெவ்வேறு படிப்புகள் நடைபெறுகின்றன. ஒன்று, விமானத்தை வடிவமைக்கக் கற்பிக்கும் பொறியியல் பட்டப்படிப்பு. இரண்டாவது, விமானத்தைப் பராமரித்து, பறக்கத் தகுதியானது என்று கையொப்பமிடும் உரிமத்திற்கான பயிற்சி. மூன்றாவது, பயணியர் சேவை, விமான நிலைய நிர்வாகம் போன்றவற்றுக்கான பட்டமும் சான்றிதழும். இவற்றுள் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. மூன்றாவதைப் படித்தவன் விமானத்தின் ஒரு திருகாணியையும் முடுக்கிக் கையொப்பமிட இயலாது. சேர்க்கைக் காலத்தில் இவ்வேறுபாட்டை விளக்கமாக எடுத்துச் சொல்வோர் மிகச் சிலரே.

உரிமத்தின் நிலையையும் காண்போம். அதனை வழங்குவது கல்லூரியன்று. இந்திய அரசின் டி.ஜி.சி.ஏ. எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். சி.ஏ.ஆர். 147 என்னும் விதியின்கீழ் ஒப்புதல் பெற்ற பயிற்சி நிறுவனத்தில், பெரிய ஜெட் விமானங்களுக்கான பி1.1 பிரிவுக்கு 2,400 மணிநேரப் பயிற்சி வேண்டும். அதில் ஏறத்தாழப் பாதி கைப்பயிற்சி. ஒவ்வொரு பாடத்திலும் நூற்றுக்கு 75 மதிப்பெண் எடுத்தால்தான் தேர்ச்சி. அதன் பின்னரும், இயங்கும் விமானங்களில் ஈராண்டு பணியனுபவம் காட்டினாலே உரிமம் கைக்கு வரும். எனவே, குறிப்பெழுதிக் கடந்த மணிநேரங்கள் கல்லூரித் தேர்வில் காப்பாற்றினாலும் உரிமத் தேர்வில் காப்பாற்றா.

இத்துறையில் தரக்குறைவு என்பது மாணவன் ஒருவனின் நட்டத்தோடு முடிவதன்று. 1985 ஆகஸ்டு 12 அன்று, டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்குப் புறப்பட்ட ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் மலையில் மோதியது. அதிலிருந்த 524 பேரில் 520 பேர் மாண்டனர். காரணம் என்ன? 1978ஆம் ஆண்டில் அதே விமானத்தின் வால்பகுதி ஓடுதளத்தில் உரசியது. அதனால் சேதமுற்ற பின்புற அழுத்தச் சுவரைப் பழுது பார்த்தபோது, ஒரே தகடாக வைக்க வேண்டியதை இரு துண்டுகளாக வெட்டி வைத்தனர். இரண்டு வரிசை ரிவெட்டுகள் தாங்க வேண்டிய பாரத்தை ஒரே வரிசை தாங்கிற்று. ஏழு ஆண்டுகள் தாங்கி, எட்டாம் ஆண்டில் பிளந்தது. அரைகுறையாகச் செய்த வேலை அன்றைக்கே தன் முகத்தைக் காட்டுவதில்லை. அரைகுறையாகக் கற்பித்த கல்வியும் அவ்வாறே. ஆகவே, 'எனக்குச் சரியாகக் கற்பியுங்கள்' என்று கேட்கும் மாணவன், தான் நாளை கையொப்பமிடப் போகும் விமானத்தில் பயணம் செய்வோர் அனைவருக்காகவும் கேட்கின்றான் என்று நாம் கொள்ள வேண்டும். செய்யாத வேலைக்குப் பதிவேட்டில் கையொப்பம் இடப் பழகுவது எவ்வளவு கொடிய பாடம் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

இக்குறை நம் பிள்ளைகள் கற்பித்துச் சொல்வதன்று. 2011ஆம் ஆண்டில், போலி மதிப்பெண் சான்று காட்டி உரிமம் பெற்ற விமானிகள் கைது செய்யப்பட்டனர். பறக்காத மணிநேரங்களைப் பறந்ததாகக் கணக்கெழுதிய பயிற்சிப் பள்ளியும் அகப்பட்டது. 2025ஆம் ஆண்டில், நாட்டின் விமானி பயிற்சிப் பள்ளிகளை டி.ஜி.சி.ஏ. முதன்முறையாகத் தரவரிசைப்படுத்தியது. மதிப்பிடப்பட்ட 35 பள்ளிகளுள் முதலிரு தரங்களில் ஒன்றேனும் இடம்பெறவில்லை. 13 பள்ளிகள் 'பி' தரத்திலும், 22 பள்ளிகள் 'சி' தரத்திலும் நின்றன. அரசே தன் அளவுகோலால் அளந்து சொன்ன பின்னர், மாணவன் சொல்வதை அடங்காப்பிடாரித்தனம் என்று தள்ளுதல் எங்ஙனம் பொருந்தும்?

கருவிகள் இல்லாத ஏழ்மையே இதற்குக் காரணம் என்பாரும் உளர். அதற்கு விடை நம் பக்கத்து ஊரிலேயே இருக்கின்றது. குரோம்பேட்டைத் தொழில்நுட்ப நிறுவனம் 1949இல் சி. ராஜம் அவர்களால் தொடங்கப்பெற்றது. நாடு விடுதலை பெற்று ஈராண்டே ஆகியிருந்த காலம் அது. 1950களில் அங்கே பயின்ற அப்துல் கலாம் அவர்களைக் கவர்ந்தவை, பறக்கும் பணி முடிந்து ஓய்வுபெற்ற இரண்டு விமானங்கள். மற்ற மாணவர் விடுதிக்குத் திரும்பிய பின்னும் அவற்றின் அருகே அமர்ந்திருந்ததை அவரே எழுதியுள்ளார். அக்கல்லூரியில் சேர அவருடைய தமக்கையார் தம் நகைகளை அடகு வைத்ததையும் நாம் அறிவோம். பறக்காத விமானம் நிற்பது குற்றமன்று. அதைத் திறந்து காட்டி, ஏன் எதற்கு என்று சொல்லித் தரும் ஆசிரியர் இல்லாமையே குற்றம். ஆசிரியர் இருந்தால் பழைய எஞ்சினும் பாடமாகும். இல்லையேல் புதிய எஞ்சினும் காட்சிப் பொருளே.

இனி, நம் சமூகத்து மாணவருக்கே உரிய ஓர் இடர்ப்பாட்டைச் சொல்ல வேண்டும். 'உதவித்தொகையில் படிப்பவன் தரத்தைப் பற்றிப் பேசலாமா?' என்னும் ஏளனம் அவர்கள் செவியில் விழுகின்றது. அதனால் பலர் வாய் திறப்பதில்லை. அன்பு மாணவர்களே, உதவித்தொகை பிச்சையன்று. அண்ணல் அம்பேத்கர் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றது பரோடா அரசின் உதவித்தொகையால்தான். அதனால் அவர் எவருக்கும் வாய் பொத்தி நின்றாரில்லை. தமிழ்நாட்டில் 11.9.2012 நாளிட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை அரசாணை எண் 92, சுயநிதிக் கல்லூரிகளில் பயிலும் நம் மாணவரின் கட்டாயக் கட்டணங்களை அரசு ஏற்பதற்கு வழி செய்தது. பின்னர் அதில் திருத்தங்கள் வந்தன. அரசு கட்டணம் செலுத்துகின்றது என்றால், மக்கள் அனைவரின் வரிப்பணத்தில் கல்வி விலைக்கு வாங்கப்படுகின்றது என்பதே பொருள். வாங்கிய பொருள் எடை குறைந்தால் கேட்கும் உரிமை, பணம் கட்டிப் படிப்பவனுக்கு உள்ளதைப் போலவே உதவித்தொகை மாணவனுக்கும் உண்டு.

பரங்கிமலையில் பிறந்து, பள்ளி ஆசிரியராகி, பின்னர்ச் சட்டமன்றத்தில் நம் மக்களின் குரலாக விளங்கிய எம்.சி. ராஜா அவர்களின் காலத்தில், பள்ளியின் கதவைத் திறப்பதே போராட்டமாக இருந்தது. கதவு ஓரளவு திறந்தது. இன்றைய போராட்டம், திறந்த கதவுக்குப் பின்னே வெறும் அறை இருந்துவிடக் கூடாது என்பது. இடம் தருவதாகச் சொல்லிக் கல்வியைத் தராமல் விடுவதும் மறுப்பின் மற்றொரு வடிவமே.

ஆகவே, செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாக முன்வைக்கின்றோம்.

சேர்வதற்கு முன்னர், அந்த நிறுவனத்தின் பெயர் டி.ஜி.சி.ஏ. வெளியிட்டுள்ள ஒப்புதல் பட்டியலில் உள்ளதா, எந்தப் பிரிவுக்கு, எந்த நாள் வரை என்று பார்த்தல் வேண்டும். பட்டம் தருவதாகச் சொன்னால் எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டல் வேண்டும். முன்னாள் மாணவர் இருவரையேனும் கண்டு, உரிமம் பெற்றனரா என வினவுதல் வேண்டும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் மத்திய அரசின் உதவித்தொகை கிடையாது என்பதை அறியாமல் சேர்ந்து, பின்னர் வருந்துதல் கூடாது.

சேர்ந்த பின்னர்க் குறை கண்டால், தனியே முறையிடாமல் பலர் சேர்ந்து, நாளும் நிகழ்வும் குறித்து எழுத்தில் தருக. பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குக. பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியாயின், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு விதிகளின்படி மாணவர் குறைதீர்ப்புக் குழு அமைதல் வேண்டும். அதில் பெண் ஒருவரும், பட்டியல் சாதி, பழங்குடி அல்லது பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் ஒருவரும் இடம்பெற வேண்டும். குழு 15 வேலை நாள்களுக்குள் அறிக்கை தர வேண்டும். மனநிறைவில்லையெனில் அடுத்த 15 நாள்களுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். உரிமப் பயிற்சி நிறுவனமாயின், டி.ஜி.சி.ஏ.வுக்கே எழுதலாம். மூலச் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொண்டு அச்சுறுத்தினால், அது 2018ஆம் ஆண்டு மானியக் குழு அறிவிக்கைக்கு முரணானது என்று எடுத்துக்காட்டுக.

நம் சங்கத்திற்கும் ஒரு கடமை உண்டு. சேர்க்கைக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுவதோடு நம் வேலை முடிந்துவிடுவதில்லை. பருவத்திற்கு ஒருமுறை மாணவரை அழைத்துப் பேசுதல், அவர்கள் மனுவைத் திருத்தி எழுத உதவுதல், அலுவலகங்களுக்கு உடன் செல்லுதல் ஆகிய மூன்றையும் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளின் பணியாக ஏற்போம். கேள்வி கேட்ட பிள்ளை தனித்து நிற்கக் கூடாது. பெற்றோர்களே, உங்கள் மகனோ மகளோ 'அங்கே ஒன்றும் சொல்லித் தருவதில்லை' என்று வந்து சொன்னால், 'பொறுத்துப் போ' என்று வாய் அடைக்காதீர்கள். அருகில் அமர்த்தி, முழுவதும் கேளுங்கள். பின்னர்ச் சங்கத்திற்கு அழைத்து வாருங்கள்.