பம்ப் பண்றது உங்க கைதான்

டெக்ஸாஸ்ல உக்காந்துகிட்டு துப்பாக்கி பத்தி ஒரு எபிசோட் கூட போடலையான்னு கேட்டுட்டே இருந்தீங்க. சரி, இன்னைக்குப் பேசிடலாம்.

முதல்ல சட்டம். நான் எச்-1பி விசாவுல இருக்கேன். இந்த மாதிரி தற்காலிக விசாக்காரங்க துப்பாக்கி வாங்கவோ வச்சிருக்கவோ அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவா அனுமதிக்கிறது இல்லை. செல்லுபடியாகுற வேட்டை லைசென்ஸ் இருந்தா விதிவிலக்கு உண்டு. அதை எடுத்த பிறகுதான் நான் தொட்டேன். வேட்டைக் கல்விப் படிப்பும் முடிச்சாச்சு. 1971 செப்டம்பர் 2 அல்லது அதுக்குப் பிறகு பிறந்தவங்க டெக்ஸாஸ்ல வேட்டைக்குப் போக அது தேவை. ஊர்ல இருந்து கேக்குறவங்களுக்கு 1959-ஆம் வருஷ ஆயுதச் சட்டம் இருக்கு, அது வேற கதை.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். என் ரூம்மேட் கிரீன் கார்டுக்காரன். புதுசா ஒரு 12 கேஜ் பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன் வாங்கினான். 12 கேஜ்னா என்னன்னா, ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டையா பிரிச்சா, ஒரு உருண்டையோட விட்டம்தான் குழலோட உள்விட்டம். அதனால நம்பர் கூடக்கூட குழல் சின்னதாகும். இந்த அளவை யாரும் கோட் ரிவ்யூ பண்ணலைன்னு நினைக்கிறேன்.

புதுசா இருந்தாலும், தோட்டா இருக்குன்னு நினைச்சுதான் கையில எடுக்கணும். குழல் வாய் பாதுகாப்பான திசையில. அறையையும் மேகஸின் வாயையும் கண்ணால பாத்து, விரலாலயும் தொட்டுப் பாத்தோம். தோட்டா பெட்டி வேற ரூம்ல.

ஃபேக்டரியில பூசுற எண்ணெய் பெரும்பாலும் பெட்டிக்குள்ள துருப்பிடிக்காம இருக்கத்தான். அதோடயே சுடக் கூடாது. குழலைக் கழட்டி, பின்பக்கத்துல இருந்து துணித்துண்டை விட்டுத் தள்ளினோம். முதல் நாலஞ்சு துணி பழுப்பா வந்துச்சு. சுத்தமா வந்த பிறகு எண்ணெய் கொஞ்சூண்டு போதும். தாளிக்கிற மாதிரி ஊத்தினா கரியும் தூசியும் அதுலதான் ஒட்டும்.

மேகஸின்ல ரெண்டு தோட்டாவுக்கு மேல போகாதுன்னு அவன் டென்ஷன் ஆயிட்டான். உள்ள ஒரு மரக்குச்சி இருந்தது, அவ்வளவுதான். வலசைப் பறவைகளை வேட்டையாடும்போது மொத்தம் மூணு தோட்டாதான் இருக்கலாம்னு விதி, அதுக்காக வச்சு அனுப்புறாங்க.

அடுத்து டம்மி தோட்டா. முன்கைப்பிடியைத் தள்ளி மூடினா பூட்டிக்கணும். பின்னாடி இழுத்தா வரக் கூடாது. ரிலீஸ் பட்டனை அழுத்தினா மட்டும் திறக்கணும். சேஃப்டி போட்டா விசை வேலை செய்யக் கூடாது. இதெல்லாம் சரியா இருந்துச்சு. ஆனா பத்துல ரெண்டு தடவை டம்மி சிக்கிச்சு. துப்பாக்கியில கோளாறுன்னு அவன் திருப்பிக் கொடுக்கக் கிளம்பிட்டான். உண்மையில அவன் பாதி தூரம்தான் இழுத்தான். முழுசா பின்னாடி, முழுசா முன்னாடி. அரைமனசா இழுத்தா காலித் தோட்டா வெளியே வராது.

எனக்கு இந்த எபிசோடே இதுக்காகத்தான். செமி ஆட்டோமேட்டிக்ல வெடிப்போட விசையே அடுத்த தோட்டாவை ஏத்துது. வெடி சோப்ளாங்கியா இருந்தா பெரும்பாலும் இயந்திரம் தானா நின்னுடும். பம்ப்ல அந்த இயந்திரம் உங்க கை. கைக்கு நிக்கத் தெரியாது, பழக்கத்துல சரக் சரக்னு இழுத்துடும். 'டப்'னு வர வேண்டிய சத்தம் 'புஸ்'னு வந்தா, உள்ள பிளாஸ்டிக் வாடோ ஈயக்குண்டோ சிக்கியிருக்கலாம். அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு சுட்டா குழல் வெடிக்கும். உங்க இடது கை எங்க இருக்கும்? சரியா அந்தக் குழலுக்கு அடியில.

அதனால ரேஞ்சுல முதல்ல ஒரே ஒரு தோட்டா. சத்தம் கேட்டு, நிறுத்தி, பிறகு ரெண்டு. சத்தம் மாறினா குழல் வாய் இலக்கைப் பாத்தபடியே இருக்கணும், வெடிக்கவே இல்லைன்னா முப்பது செகண்ட் காத்திருக்கணும், அப்புறம் காலி பண்ணி, குழலுக்குள்ள பாத்துட்டுத்தான் அடுத்தது.

20 கேஜ் தோட்டாவும் இதே ஆபத்துதான். 12 கேஜ் அறையில அது வழுக்கி முன்னாடி போய் உக்காந்துக்கும். அறை காலியா இருக்கிற மாதிரி தெரியும், பின்னாடி சரியான தோட்டாவும் ஏறிடும். இதனாலதான் 20 கேஜை மஞ்சள் நிறத்துல பண்றாங்க. ரேஞ்சுக்குப் போற பையில ரெண்டு அளவையும் சேத்துப் போடாதீங்க.

அன்னைக்கு இருபத்தஞ்சு தோட்டா சுட்டோம், ஒண்ணும் சிக்கலை. 40 கெஜத்துல காகிதம் வச்சு, 30 இன்ச் வட்டத்துக்குள்ள எத்தனை குண்டு விழுதுன்னு எண்ணினது சுவாரஸ்யம்தான், ஆனா அதுக்குத் தனி எபிசோட் வேணும். வீட்டுக்கு வந்து திரும்பவும் துடைச்சோம். ஜன்னலைத் திறந்து வச்சு, குழல்ல படிஞ்ச பிளாஸ்டிக்கையும் கரியையும் பிரஷ் போட்டு எடுத்தோம். ஈயம் கையில ஒட்டும், சோப்பு போட்டுக் கழுவாம சாப்பாட்டுல கை வைக்காதீங்க. அவன் நேரா பிரிட்ஜைத் திறக்கப் போனான், கதவை நான்தான் பிடிச்சு வச்சேன்.