லாகிரியால் தோழமை வருமா?

(கறம்பக்குடியில் நடைபெற்ற வாலிபர் அரசியல் வகுப்பில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)

சென்ற வகுப்பு முடிந்ததும் ஒரு வாலிபத் தோழர் துண்டுச் சீட்டில் ஒரு கேள்வி எழுதிக் கொடுத்தார். "கொடைக்கானல் காளானைச் சாப்பிட்டால் மனதில் உள்ள வெறுப்பெல்லாம் கரைந்து, எல்லா மனிதரும் ஒன்று என்ற உணர்ச்சி வருகிறதாம். விஞ்ஞானிகளே சொல்கிறார்களாம். அது மெய்யானால் மனிதனை மாற்ற மாத்திரை போதுமே, சங்கம் எதற்கு?" என்பது கேள்வி. சிலர் சிரித்தார்கள். இது சிரித்துத் தள்ள வேண்டிய கேள்வியல்ல. திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போய்வரும் நம் பிள்ளைகளின் காதில் இந்தப் பேச்சு தினமும் விழுகிறது. விவரமாகவே பதில் சொல்வோம்.

இது என்ன வஸ்து?

கள்ளும் சாராயமும் நமக்குத் தெரியும். இது வேறு இனம். மழைக்குப் பின் மலைப் புல்வெளிகளில் முளைக்கும் சில காளான்களில் ஸைலோசைபின் என்ற ரசாயனப் பொருள் இருக்கிறது. எல்.எஸ்.டி. அதற்கு உறவு முறை. கம்புப் பயிரில் தேனொழுகல் நோய் வருவதை விவசாயிகள் அறிவார்கள். அதே வகைப் பூஞ்சை ஐரோப்பாவில் ரை என்ற தானியத்தில் வரும். அதிலிருந்து 1938ம் ஆண்டில் எல்.எஸ்.டி.யைத் தயாரித்தவர் ஸ்விட்சர்லாந்தில் ஸாண்டோஸ் மருந்துக் கம்பெனியின் ரசாயன நிபுணர் ஆல்பர்ட் ஹாஃப்மன். 1943 ஏப்ரல் 19ந் தேதி கால் மில்லிகிராமைத் தாமே உட்கொண்டு பார்த்தார். ஓர் அரிசி மணியை ஐம்பது துண்டாக்கினால் ஒரு துண்டின் எடை கூட இராது. அதற்கே அறையும் நாற்காலியும் உருமாறிப் பயங்கரமாகத் தெரிந்தன; பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று அஞ்சினார்.

மூளையில் செரோடோனின் என்ற பொருள் போய்ச் சேரும் இடத்தில் இந்த வஸ்து போய் உட்கார்ந்து கொள்கிறது. 'நான் இங்கே, உலகம் அங்கே' என்று பிரித்து வைக்கும் வரப்பு சில மணி நேரம் தளர்ந்து போகிறது. ஒருவனுக்கு அது ஆனந்தம். மற்றொருவனுக்கு அதுவே கிலி. அவனுடைய மனநிலை, இருக்கும் இடம், பக்கத்தில் உள்ள ஆட்கள் ஆகியவற்றைப் பொறுத்து அது மாறும். குடும்பத்தில் மனச்சிதைவு நோய் இருந்தால் அபாயம் அதிகம்.

விஞ்ஞானம் கூறுவது

ஸூரிச் சர்வகலாசாலையில் ஒரு பரிசோதனை நடந்தது, 2016ல் வெளியாயிற்று. கம்ப்யூட்டரில் மூன்று பேர் பந்து எறிந்து விளையாடுவது போன்ற ஏற்பாடு. நடுவில் மற்ற இருவரும் இவருக்குப் பந்து தராமல் தமக்குள்ளேயே எறிந்து கொள்வார்கள். ஒதுக்கப்பட்டவருக்கு மனம் நோகும். ஸைலோசைபின் உட்கொண்டவருக்கோ அந்த நோவு குறைந்திருந்தது.

மறு வருஷம் வெளியான இன்னொரு பரிசோதனையில், பிறர் துயரம் கண்டு உருகும் உணர்ச்சி கூடியது தெரிந்தது. ஆனால் பிறர் மனதில் என்ன இருக்கிறது என்று அறியும் ஆற்றல் கூடவில்லை. எது நியாயம், எது அநியாயம் என்று தீர்மானிப்பதிலும் மாற்றமில்லை. தோழரின் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. உருக்கம் கூடிற்று, அறிவு கூடவில்லை, தீர்ப்பு மாறவில்லை.

வைத்தியத்தில் இதற்குப் பயன் இருக்கலாம். மரண பயத்தில் வாடிய புற்றுநோயாளிகளுக்கு அமெரிக்காவில் தக்க துணையோடு கொடுத்துப் பார்த்ததில் மனச்சோர்வு குறைந்ததாக 2016ல் ஆய்வுகள் வந்தன. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல், அனுமதி பெற்ற மனநோய் வைத்தியர்கள் வேறு சிகிச்சையால் தீராத மனச்சோர்வுக்கு இதைத் தரலாம். இதை நாம் கேலி செய்யவில்லை. வைத்தியர் பக்கத்தில் இருந்து கொடுக்கும் மருந்து வேறு. மலை விடுதியில் முன்பின் தெரியாதவனிடம் வாங்கித் தின்னும் காளான் வேறு.

வஸ்து ஒன்று, கைகள் மூன்று

மெக்ஸிகோ மலைகளில் மஸாடெக் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக இந்தக் காளானை நோய் தீர்க்கும் இரவுச் சடங்கில் மட்டும் பயன்படுத்தினார்கள். அவர்களில் ஒரு வைத்தியக்காரி மரியா ஸபீனா. 1955ல் ஜே.பி. மார்கன் பாங்கின் உபதலைவர் கார்டன் வாஸன் அந்தச் சடங்கில் கலந்து கொண்டு, 1957ல் 'லைஃப்' பத்திரிகையில் எழுதினார். பிறகு வெளிநாட்டார் கூட்டம் கூட்டமாக வந்தார்கள், போலீசும் வந்தது. ஊரார் கோபத்துக்கு ஆளான அந்த அம்மாளின் வீடு எரிக்கப்பட்டது. 1985ல் வறுமையிலேயே மாண்டார்.

இரண்டாவது கை அமெரிக்க உளவு ஸ்தாபனமான சி.ஐ.ஏ. மனித மனதை உடைத்து வசப்படுத்த வழி தேடி 1953ல் எம்.கே. அல்ட்ரா என்ற ரகசியத் திட்டத்தைத் துவக்கியது. அதே வருஷம் ஃப்ராங்க் ஓல்ஸன் என்ற விஞ்ஞானிக்கு, அவர் அறியாமலே எல்.எஸ்.டி. கொடுத்தார்கள். சில நாளில் நியூயார்க் ஓட்டல் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார். கென்டக்கியில் அடைபட்டிருந்த கைதிகளில் சிலருக்குத் தொடர்ந்து 77 நாள் இதைக் கொடுத்தார்கள். 1973ல் தஸ்தாவேஜுகளை அழித்தார்கள். எஞ்சியவை அமெரிக்க செனட் விசாரணையில் அம்பலமாயின. அன்பு மருந்து என்கிறார்களே, அது சித்திரவதைக் கருவியாயிற்று!

மூன்றாவது கை மூலதனத்தின் கை. லண்டனில் 2016ல் துவங்கிய காம்பஸ் பாத்வேஸ் என்ற கம்பெனி, ஸைலோசைபினின் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை பெற்று, 2020ல் நாஸ்டாக் பங்குச் சந்தையில் ஏறியது. மரியா ஸபீனாவின் காளானுக்கு இன்று பங்கு விலை உண்டு; அவருடைய மக்களுக்குப் பங்கு எங்கே?

ஆக, வஸ்துவுக்கு என்று தனிக் கொள்கை கிடையாது. எந்தக் கையில் இருக்கிறதோ அந்தக் கையின் வேலையைச் செய்கிறது. 1967 கோடையில் ஸான் ஃப்ரான்ஸிஸ்கோவில் ஆயிரக்கணக்கான வாலிபர்கள் கூடி எல்.எஸ்.டி.யால் அன்பு பரவும் என்றார்கள். வியட்நாம் மீது குண்டு விழுவது நிற்கவில்லை. 1975ல் அந்த யுத்தத்தை முடித்தது வியட்நாம் ஜனங்களின் வீரம். அதற்குத் துணை நின்றது உலகெங்கும் வீதியில் இறங்கிய ஜனங்களின் எதிர்ப்பு.

நம் ஜில்லாவைப் பாருங்கள்

பந்து விளையாட்டுப் பரிசோதனையை மறந்து விடாதீர்கள். ஒதுக்கப்படும் வலியை அந்த மருந்து குறைக்கிறது; ஒதுக்குகிறவனை அது தொடுவதில்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது. விசாரிக்கப் போன அதிகாரிகள் முன்பு டீக்கடை இரட்டைக் குவளையும் கோயில் நுழைவு மறுப்பும் வெளிவந்தன. அந்த ஜனங்களுக்கு வலியை மறக்க ஒரு மாத்திரை கொடுத்தால் போதுமா? அந்த வலிதான் அவர்களைப் பேச வைத்தது. நோயாளியின் வலி தணிய வேண்டும், சரி. அநீதியின் வலி மரத்துப் போனால் அநீதிக்குத்தான் லாபம்.

2018 நவம்பர் 16ந் தேதி கஜா புயல் நம் தென்னையையும் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. அன்று விழுந்த மரங்களை வெட்டிப் பாதை திறந்தவர்கள், கிடைத்த அரிசியைப் போட்டுப் பொதுவில் கஞ்சி காய்ச்சியவர்கள் எந்த லாகிரியைத் தின்றார்கள்? ஒரே கஷ்டம், ஒரே வேலை, ஒரே அடுப்பு. அதிலிருந்து பிறந்தது அந்தப் பாசம். நிவாரணத்திலும் ஜாதி பார்த்தார்கள் என்று அப்போது சில ஊர்களிலிருந்து செய்தி வந்ததும் உண்மை. கஷ்டம் தானாகவே மனிதரை ஒன்றாக்கிவிடாது என்பதற்கு அதுவே சாட்சி. ஒருவரையும் விடாமல் ஒரே பந்தியில் உட்கார வைக்கும் ஸ்தாபனம் வேண்டும். சங்கம் எதற்கு என்ற கேள்விக்கு மீதிப் பதில் இதுதான்.

ஜெயிலுக்குப் போவது யார்?

1985ம் வருஷச் சட்டத்தின் அட்டவணையில் ஸைலோசைபினும் எல்.எஸ்.டி.யும் உண்டு. ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எல்.எஸ்.டி. அகப்பட்டாலே குறைந்தது 10 ஆண்டு சிறை. கொடைக்கானலில் காளான் விற்றதாக அடிக்கடி கைதுகள் நடக்கின்றன. மலையில் வேலையில்லாத பையன் கூடையோடு பிடிபடுகிறான். காளானைத் தேடி வரும் பணக்காரச் சுற்றுலாக்காரர் காரில் ஏறிப் போய்விடுகிறார். அந்தப் பையன்களுக்கு வேலை கொடுக்காத சர்க்கார், விலங்கு மட்டும் கொடுக்கிறது. பெரிய கடத்தல்காரனைப் பிடி. சிக்கிய வாலிபனுக்குச் சிகிச்சை கொடு என்பதே நம் கோரிக்கை.

நம் வேலை

லாகிரிக்குப் பழகிவிட்ட பையனை ஊரார் வெறுத்து ஒதுக்கக் கூடாது. வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். அரசு ஆஸ்பத்திரி மனநல வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற எண்ணில் சர்க்காரின் இலவச மனநல ஆலோசனை கிடைக்கும். கிராமந்தோறும் படிப்பகமும் விளையாட்டு மைதானமும் கேட்டு மனுக் கொடுங்கள். கிடைக்கும் வரை விடாதீர்கள். தாலுகா ஆஸ்பத்திரிகளில் மனநல வைத்தியர் நியமனம் கேட்டுக் கையெழுத்து வாங்குங்கள். எந்த டீக்கடையில் இரண்டு விதக் குவளை இருந்தாலும் நம் வாலிபர்கள் ஜாதி பாராமல் சேர்ந்து போய், ஒரே குவளையில் டீ கேளுங்கள்.

காளான் தரும் ஒற்றுமை ஆறு மணி நேரத்தில் இறங்கிவிடும். நாம் கட்டும் ஒற்றுமை நாளைக் காலையிலும் இருக்க வேண்டும். வேலையைத் துவக்குங்கள், தோழர்களே!