நீரிழிவுத் தடுப்பில் காய்கனிகளின் பங்கு

செல்வர்களின் நோய் என்று ஒரு காலத்தில் ஒதுக்கிவைக்கப்பட்ட நீரிழிவு இன்று சிற்றூர்களிலும் குடிபுகுந்துவிட்டது. நாடு தழுவிய அளவில் நடைபெற்று, 2023ஆம் ஆண்டில் முடிவுகள் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு இந்நோய் உண்டு. நோயின் வாசற்படியில் நிற்போர் மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர். இவர்களை வாசற்படியிலேயே தடுத்து நிறுத்த உணவு எந்த அளவுக்குத் துணைபுரியும் என்பது மருத்துவர்களை மட்டும் சார்ந்த வினா அன்று.

உடலின் உயிரணுக்கள் சர்க்கரையை எரித்துச் சக்தி பெறும்போது, தீவிர வினைத்திறன் கொண்ட ஆக்ஸிஜன் துகள்கள் சிறிதளவு தோன்றுகின்றன. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் இவையும் பெருகித் தீங்கு விளைவிக்கின்றன. இன்சுலினைச் சுரக்கும் கணையத்தின் பீட்டா அணுக்களில் இவற்றை அடக்கும் நொதிகள் குறைவு. ஆகவே அவை எளிதில் பழுதடைகின்றன. வைட்டமின் சி, வைட்டமின் ஈ, கரோட்டின், தேயிலையிலும் பழங்களிலும் உள்ள பாலிஃபீனால்கள் ஆகியவை இத்துகள்களைத் தணிக்கும் ஆக்ஸிஜனேற்றத் தடைப்பொருள்கள்.

பிரான்ஸ் நாட்டில் 64,223 பெண்களின் உணவும் உடல்நலமும் 1993 முதல் 2008 வரை கவனிக்கப்பட்டன. தடைப்பொருள்களை மிகுதியாக உண்ட பிரிவினருக்கு, மிகக் குறைவாக உண்டோரைவிட நீரிழிவு வரும் வாய்ப்பு 27 சதவீதம் குறைந்திருந்தது. உடற்பருமனைக் கணக்கில் கொண்ட பின்னரும் நிலைத்த வேறுபாடு இது. (அப்பெண்களின் உணவுக் கணக்கில் சிவப்பு ஒயினும் இடம்பெற்றது, அதனை மதுவுக்கான பரிந்துரையாகக் கொள்ள வேண்டியதில்லை.) ஆயினும், காய்கனிகளை விரும்பி உண்போர் பிற பழக்கங்களிலும் ஒழுங்குடையோராக இருத்தல் கூடும். எனவே இத்தகைய ஆய்வு தொடர்பைக் காட்டுமேயன்றிக் காரணத்தை மெய்ப்பிக்காது.

தடைப்பொருளையே மாத்திரையாக வழங்கிவிட்டால் என்ன என்ற ஐயம் கேட்போர் மனத்தில் எழலாம். அந்தச் சோதனையும் நடந்துவிட்டது. அமெரிக்காவில் 22,071 ஆண் மருத்துவர்களில் ஒரு பாதியினருக்குப் பீட்டா கரோட்டினும், மறு பாதியினருக்கு வெற்று மாத்திரையும் ஏறத்தாழ 12 ஆண்டுகள் தரப்பட்டன. நீரிழிவு இரு சாராருக்கும் ஒரே அளவில்தான் வந்தது. பெண்களிடம் வைட்டமின் சி, ஈ ஆகியவற்றையும் சேர்த்து நடந்த சோதனையின் முடிவு 2009இல் வெளியாயிற்று. அதிலும் பயன் காணப்படவில்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்குப் பீட்டா கரோட்டின் அளித்தபோது, நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது என 1994இல் அறியப்பட்டது. மருந்துக்கடைகளில் விற்கும் புட்டிகளை நம்பிப் பணம் செலவிடுவோர் இதனை அறிதல் நன்று.

ஆகவே பயன் தனிப்பொருளில் இல்லை. நார்ச்சத்து, தாதுக்கள் அனைத்தும் கலந்த முழு உணவிலேயே இருக்கலாம் எனக் கருதத் தோன்றுகிறது. தட்டில் காய்கறி மிகும்போது அரிசியும் கோதுமையும் தாமாகவே குறைகின்றன என்பதும் ஒரு காரணமாகலாம்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் உண்ணச் சொல்கின்றன. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமோ முன்னுரிமைக் குடும்பங்களில் ஆள் ஒன்றுக்கு மாதம் 5 கிலோ தானியத்துக்கு உறுதியளிக்கிறது. பசியைப் போக்குவதில் அதன் பங்கு பெரிது. ஆனால், காய்கறி சந்தை விலையிடமே விடப்பட்டுள்ளது. விலை ஏறினால் ஏழைக் குடும்பம் முதலில் கைவிடுவது அதனைத்தான்.

அரசின் கையில் உள்ள ஒரு வாய்ப்பு பள்ளி மதிய உணவு. தொடக்கப்பள்ளி மாணவருக்கு 50 கிராம், நடுநிலைப்பள்ளி மாணவருக்கு 75 கிராம் காய்கறி என்பது விதி. அது முழுவதும் உருளைக்கிழங்காகவே அமைந்துவிட்டாலும் கணக்கில் குறை இராது. முருங்கைக்கீரை, பூசணி, கொய்யா, ஆரஞ்சைவிடப் பன்மடங்கு வைட்டமின் சி கொண்ட நெல்லி ஆகியவை அயல்நாட்டுப் பழங்களைப் போல் விலை உயர்ந்தவையும் அல்ல. பள்ளித் தோட்டத்திலேயே பறித்து, வேகவைத்த நீரைக் கொட்டாமல் சமைத்தால் சத்தும் வீணாகாது. ஆய்வுக்குச் செல்லும் அலுவலர், பதிவேட்டில் காய்கறியின் எடையோடு அது எந்தக் காய் என்பதையும் குறிக்கச் செய்யலாம். அதற்குத் தனி நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை.