நாம் தேர்ந்தெடுக்காத துணைகள்

பாலக்காடு மாவட்டத்தில், கேரள எல்லைக்குள் அமைந்த பரம்பிக்குளம் அணையைத் தமிழ்நாடு பராமரித்து வருகிறது என்பதை எல்லைப்புறத்து நேயர்கள் நன்கு அறிவர். 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள், விடியுமுன், அவ்வணையின் மூன்று மதகுக் கதவுகளில் ஒன்று பெயர்ந்துவிட்டது. கதவை ஏற்றி இறக்க உதவும் எடைக்கட்டையின் சங்கிலி அறுந்ததே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. தேக்கிய நீர் பெருமளவில் சாலக்குடி ஆற்றை நோக்கிப் பாய்ந்தது. அணைச் சுவருக்கு ஊறு நேரவில்லை. எவர் நினைவிலும் நில்லாத ஒரு சங்கிலிதான் கைவிட்டது.

பெரிய அமைப்பின் நலம் அதன் சிற்றுறுப்புகளின் நலத்தைப் பொறுத்தது என்னும் இவ்வுண்மையைக் கம்ப்யூட்டர் நிரல் எழுதுவோரும் நாள்தோறும் காண்கின்றனர். 2015இல் தொடங்கிய பாலக்காடு ஐ.ஐ.டி.யிலும், இடுக்கி மாவட்டத்துப் பைனாவு அரசுப் பொறியியற் கல்லூரியிலும் பயிலும் இளைஞர்களுக்கு இஃது அன்றாடப் பிரச்சினையாகும்.

புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நடைபெறும் ஏலக்காய் ஏலத்தின் விலையை மலையகத்துச் சிறு விவசாயிகளுக்கு அறிவிக்க, ஓர் இளைஞர் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஒரு வலைத்தளம் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் எல்லாவற்றையும் தாமே எழுதுவதில்லை. தேதியைக் காட்ட ஒன்று, அட்டவணை வரைய ஒன்று எனப் பிறர் எழுதி வைத்த நிரல்தொகுப்புகளை, அதாவது பேக்கேஜ்களை, வரவழைத்துக்கொள்கிறார். அவற்றைக் கொணர்ந்து தரும் கருவியே பேக்கேஜ் மேனேஜர். 2010இல் ஐசக் ஷ்லூட்டர் வெளியிட்ட என்.பி.எம். அவற்றுள் மூத்தது, 2016இல் வந்த யார்ன் மற்றொன்று. நம் இளைஞர் கேட்பது பத்துத் தொகுப்புகளே ஆயினும், வந்து சேர்பவை பல நூறாக இருத்தல் கூடும். ஒவ்வொரு தொகுப்பும் வேறு சிலவற்றைச் சார்ந்திருக்கிறது. அவை இன்னும் சிலவற்றைச் சார்ந்துள்ளன.

இதனால் விளையும் இடரை உலகுக்கு உணர்த்தியது லெஃப்ட்-பேட் என்னும் சிறு தொகுப்பு. எழுத்துத் தொடரின் இடப்புறத்தை வெற்றிடத்தால் நிரப்புவது அதன் வேலை. அளவோ பதினொரே வரிகள். வேறொரு தொகுப்பின் பெயர் பற்றி எழுந்த தகராற்றினால், அதன் ஆசிரியர் அசர் கோச்சுலு 2016 மார்ச் 22ஆம் நாள் தம் தொகுப்புகள் அனைத்தையும் விலக்கிக்கொண்டார். உடனே உலகெங்கும் எண்ணற்ற நிரல்களைக் கட்டமைக்கும் பணி தடைப்பட்டது. சில மணி நேரத்தில் அத்தொகுப்பு மீட்கப்பட்டது. பின்னர், பிறர் சார்ந்திருக்கும் தொகுப்பை நினைத்தவுடன் நீக்க இயலாதவாறு விதிகள் கடுமையாக்கப்பட்டன.

எனினும், திடீரென மறையும் தொகுப்பைக் காட்டிலும் மெல்ல மெல்லக் கைவிடப்படும் தொகுப்பே மிகுதி. 'இதனை இனிப் பயன்படுத்த வேண்டா' என்று ஆசிரியரே அறிவித்துவிட்டால், அது டெப்ரிகேட்டட் ஆயிற்று என்பர். தொகுப்பு மறைவதில்லை, வழக்கம்போல் வேலையும் செய்கிறது, நிறுவும்போது ஓர் எச்சரிக்கை வரி மட்டும் திரையில் ஓடுகிறது. இணையத்திலிருந்து செய்திகளைப் பெற உதவிய ரெக்வஸ்ட் என்னும் புகழ்பெற்ற தொகுப்பு 2020 பிப்ரவரியில் இவ்வாறு அறிவிக்கப்பட்டது. அதன் பின்னரும் வாரந்தோறும் இலட்சக்கணக்கான முறை அது பெறப்பட்டு வந்தது.

வேலை செய்கிறதே, கவலை எதற்கு என வினவலாம். பராமரிப்பற்ற தொகுப்பில் பாதுகாப்புக் குறை ஒன்று வெளிப்படின், அதைத் திருத்துவோர் இலர். தக்கவரல்லாதார் கையில் அது சிக்குவதும் உண்டு. ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்னும் தொகுப்பைப் பேணுவதற்கு நேரமும் விருப்பமும் இல்லாமற்போன அதன் ஆசிரியர், உதவ முன்வந்த ஓர் அன்னியரிடம் அதனை ஒப்படைத்தார். அவரோ பிட்காயின் பணப்பையைக் களவாடும் நிரலை அதனுள் நுழைத்தார். 2018இல் அது வெளிப்பட்டது. இவ்வாசிரியர்களுட் பெரும்பாலோர் ஊதியமின்றி உழைப்பவர்கள் என்பதை நாம் மறத்தலாகாது. 'இனி என்னால் இயலாது' என்று வெளிப்படையாகச் சொல்பவர் நமக்கு நன்மையே செய்கிறார். அச்சொல்லைப் பொருட்படுத்தாமை நம் பிழை.

ஆதலின் நாம் செய்யத்தக்கவை சில உள. எச்சரிக்கை தோன்றினால், அத்தொகுப்பு யார் வழியாக வந்தது என்பதை என்.பி.எம். எக்ஸ்பிளெய்ன் என்னும் கட்டளையால் அறியலாம். பெரும்பாலும் நாம் நேரே கேட்ட ஒரு தொகுப்பின் பழைய பதிப்பே அதனை அழைத்து வந்திருக்கும். அதைப் புதுப்பித்தாலே பல எச்சரிக்கைகள் மறையும். பதிப்புகளைக் குறித்து வைக்கும் லாக் கோப்பைப் பாதுகாத்தல் வேண்டும். ஆயின் அது பழைய குறைகளையும் அப்படியே நிலைநிறுத்தும் ஆதலால், காலந்தோறும் அதனைப் பரிசீலித்தலும் வேண்டும். மொழியே தரும் வசதிக்குப் பிறர் துணையை நாடுதல் வீண். லெஃப்ட்-பேட் செய்த வேலையை 2017 முதல் ஜாவாஸ்கிரிப்ட் தானே செய்கிறது. ரெக்வஸ்ட் ஆற்றிய அடிப்படைப் பணிக்கு 2022இல் வந்த நோட் பதினெட்டாம் பதிப்பிலேயே வழி உண்டு.

விலையறியக் காத்திருக்கும் ஏலக்காய் விவசாயி இத்தொகுப்புகளின் பெயர்களைக் கேட்டிருக்கமாட்டார். அவர் நம்புவது அத்தளத்தை அமைத்தவரை. ஏலத்தன்று தளம் நின்றுபோனால், முகமறியாத அயல்நாட்டு ஆசிரியர் எவரும் அவருக்கு விடை சொல்லப் போவதில்லை. விடை சொல்ல வேண்டியவர் அமைத்தவரே. மாதம் ஒருமுறை அந்த எச்சரிக்கை வரிகளைப் படிப்பதற்குச் சிறிது நேரம் ஒதுக்குதல் அப்பொறுப்பின் முதற்படியாகும்.