நம் வருமானத்துக்கு ஏற்ற மருத்துவக் காப்பீடு

(ஆதரவாளர் கூட்டத்தில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் கட்டடத்தைப் பற்றியும் கருவிகளைப் பற்றியும் சொல்லுவோம். இம்முறை காப்பீட்டைப் பற்றிப் பேசும்படி சில சபைகளிலிருந்து கேட்டிருந்தார்கள். போதகருக்கும் இன்சூரன்சுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் நினைக்கலாம். நீங்கள் அனுப்புகிற ஏழை நோயாளர் நிதியிலிருந்து உதவி கேட்டு வருகிறவர்கள் முதலில் வந்து உட்காருவது எங்கள் மேஜைக்கு முன்னால்தான். பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, மாடு விற்றது, நகை அடகு வைத்தது, கந்துவட்டிக்கு வாங்கியது எல்லாவற்றையும் அங்கேதான் சொல்லுகிறார்கள்.

அப்படி வருகிறவர்களில் மிகவும் ஏழைகளைவிட, கொஞ்சம் மேலே இருக்கிறவர்களுடைய நிலைதான் எங்களை அதிகம் வருத்துகிறது. பாலக்கோடு தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறவர், பென்னாகரம் பக்கத்தில் சிறிய தனியார் பள்ளியில் பாடம் நடத்துகிற ஆசிரியை, நம்முடைய சபைகளின் உபதேசியார்கள். மாதம் பதினோராயிரம், பன்னிரண்டாயிரம் வாங்குகிறவர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும். இவர்கள் அந்தக் கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே நிற்கிறார்கள். ஒரே ஒரு ஆபரேஷன் வந்தால் கோட்டுக்கு வெகு கீழே போய்விடுகிறார்கள்.

ஆகவே முதலில் செய்யவேண்டியது தனியார் பாலிசி தேடுவதல்ல. ஏற்கெனவே நமக்கு உரியது எது என்று பார்ப்பது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரி முதல் புதிய பெயரில் நடந்துவருகிற அரசுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. பிரிமியம் நாம் கட்டவேண்டியதில்லை. குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மையத்துக்குப் போனால் பதிவு செய்கிறார்கள். பத்துப் பேரோ அதற்குமேலோ வேலை செய்கிற நிறுவனத்தில் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குகிறவருக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கக்கூடும். ஓசூர்ப் பக்கம் கம்பெனிக்குப் போகிற பிள்ளைகள் பலருக்குச் சம்பளச் சீட்டில் அது பிடிக்கப்படுவதே தெரிவதில்லை. பிள்ளையின் சீட்டை வாங்கிப் பாருங்கள். பெற்றோருக்கும் அதில் பங்கு கிடைக்கக்கூடும்.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். “ஐயா, பாங்கில் 20 ரூபாய் பிடித்தார்களே, எனக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது” என்று பலர் சொல்லுகிறார்கள். அது விபத்துக் காப்பீடு. விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ நேர்ந்தால்தான் அதில் பணம் வரும். ஆஸ்பத்திரிச் செலவுக்கு அதில் ஒரு காசும் கிடையாது.

இந்த இரண்டிலும் இடமில்லாதவர்களுக்குத்தான் தனியார் காப்பீடு. நம் நாட்டில் மெடிக்ளெய்ம் என்கிற பாலிசியை அரசு நிறுவனங்கள் 1986இல் கொண்டுவந்தன. 1999ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு தனியார் கம்பெனிகள் வந்தன. இன்று கம்பெனிகளும் அதிகம், பாலிசிகளின் பெயர்கள் அதைவிட அதிகம். எது மலிவு என்று எங்களைக் கேட்கிறார்கள். விலையை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம், ஏனென்றால் ஒவ்வொன்றின் நிபந்தனையும் வேறு. அதற்காகத்தான் 2020 ஏப்ரல் முதல் எல்லாக் கம்பெனிகளும் ஒரே நிபந்தனைகளோடு ஒரு பாலிசியை விற்கவேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டது. அதன் பெயர் ஆரோக்ய சஞ்சீவனி. சரக்கு ஒன்று, விலை மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம். நாலு இடத்தில் விலை கேட்டு ஒப்பிட இதைவிட எளிதான வழி இல்லை. படிப்பு குறைந்த நம் மக்களுக்கு இதையே முதலில் பார்க்கச் சொல்லுகிறோம். குறைகளும் உண்டு. ஒப்புக்கொண்ட தொகையில் நூற்றுக்கு ஐந்து நாம் கட்டவேண்டும். கண்புரைக்கு வரம்பு இருக்கிறது. கண்புரை, குடலிறக்கம் போன்றவற்றுக்கு இரண்டு ஆண்டுகள் காத்திருக்கவேண்டும்.

அறை வாடகை என்கிற ஒரு வரியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறோம். எங்கள் மேஜைக்கு வருகிற கண்ணீரில் பெரும்பங்கு அந்த வரியிலிருந்து வருகிறது. 3 லட்சம் ரூபாய் பாலிசி; நாள் வாடகைக்கு நூற்றுக்கு ஒன்று, அதாவது 3,000 ரூபாய் வரம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். சேலத்திலோ பெங்களூரிலோ பெரிய ஆஸ்பத்திரியில், “அப்பாவுக்கு நல்ல அறை எடுப்போம்” என்று 6,000 ரூபாய் அறை எடுக்கிறார்கள். மீதி 3,000 நாம் கட்டினால் போதும் என்று எண்ணுகிறார்கள். அப்படியல்ல. வரம்பைப் போல் இரண்டு மடங்கு அறை எடுத்ததனால் டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் போன்றவற்றிலும் பாதிதான் கொடுப்பார்கள். அவை 80,000 ரூபாய் ஆனால் 40,000 நம் தலையில். மருந்துக்கும் பரிசோதனைக்கும் இப்படி வெட்டக்கூடாது என்று விதி இருக்கிறது. மற்றதில் வெட்டு விழும். அறை வாடகைக்கு வரம்பில்லாத பாலிசி வாங்குங்கள். முடியாவிட்டால் பொது வார்டில் படுங்கள். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது இங்கே பொருந்தும்.

அடுத்தது உண்மை எழுதுவது. ஒரு லாரி ஓட்டுநர். ஏஜென்ட் அவரிடம், “சர்க்கரை வியாதியை எழுதாதீர்கள், பிரிமியம் ஏறும்” என்று சொல்லியிருக்கிறார். இரண்டாம் ஆண்டு நெஞ்சுவலி. கம்பெனிக்காரர்கள் பழைய ஓ.பி. சீட்டைத் தேடிப்பிடித்து, மறைத்ததாகச் சொல்லிப் பணம் மறுத்துவிட்டார்கள். ஏஜென்ட் போனை எடுக்கவில்லை. கடைசியில் உங்கள் நிதியிலிருந்துதான் ஒரு பகுதி போயிற்று. சர்க்கரை இருக்கிறது என்று எழுதியிருந்தால், 2024 விதிகளின்படி அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் காத்திருக்கவேண்டியிருக்கும். அதற்குப்பின் அதைக் காரணம் காட்டி மறுக்கமுடியாது. ஐந்து ஆண்டுகள் விடாமல் கட்டினால், மோசடியை நிரூபித்தாலொழிய எதையும் கிளற முடியாது. விடாமல் என்பதைக் கவனியுங்கள். அறுவடை சரியில்லை என்று ஓராண்டு விட்டால், காத்திருந்த காலமெல்லாம் வீணாகி மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

விலை மிகக் குறைவாக இருக்கிறதே என்று டாப்-அப் பாலிசியை மட்டும் வாங்கியவர்களும் உண்டு. அதில் குறிப்பிட்ட தொகை வரை, சில சமயம் முதல் 3 லட்சம் வரை, செலவு நம்முடையது. வேறு பாலிசி வைத்திருக்கிறவருக்கு அது நல்லது, மற்றவருக்கு உதவாது. வயதான பெற்றோரைப் பிள்ளைகளோடு ஒரே பாலிசியில் சேர்த்தால், மூத்தவருடைய வயதைக்கொண்டுதான் விலை போடுவார்கள். அவர்களுக்குத் தனியாக எடுங்கள். 65 வயதைத் தாண்டியவருக்கும் பாலிசி தரவேண்டும் என்று 2024இல் விதி வந்துவிட்டது. பிரிமியம் மட்டும் கனமாக இருக்கும். கட்டணமில்லாச் சிகிச்சைக்குரிய ஆஸ்பத்திரிப் பட்டியலைக் கேளுங்கள். சென்னைப் பெயர்களே வரிசையாக இருந்தால் அரூர்க்காரருக்கு என்ன பயன்? தர்மபுரி, சேலம், வேலூர் இருக்கிறதா என்று பாருங்கள். பாலிசி கைக்கு வந்தபின் 30 நாளுக்குள் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். கம்பெனி அநியாயம் செய்தால் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். வக்கீல் வேண்டாம், கட்டணமும் இல்லை.

இன்சூரன்ஸ் எடுப்பது அவிசுவாசம் என்று சொல்லுகிற சகோதரர்கள் நம் நடுவில் உண்டு. அவர்களோடு நாங்கள் வாதிடுவதில்லை. எகிப்தில் யோசேப்பு விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துவைத்ததை மட்டும் நினைவுபடுத்துகிறோம். நம் மாநிலத்திலேயே, சென்னை அடையாறில் டாக்டர் கே. எஸ். சஞ்சீவி 1958இல் நிறுவிய தன்னார்வ சுகாதார சேவை நிலையம், குடும்பங்கள் வருமானத்துக்குத் தக்கபடி சந்தா கட்டி வைத்தியம் பெறுகிற முறையைக் கொண்டுவந்தது. நீலகிரி கூடலூரில் ஆதிவாசி மக்களே தங்கள் சங்கத்தின்மூலம் 1992இல் காப்பீட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். தனியார் கம்பெனிகள் வருமுன்னே, கையில் காசு புழங்காத கூலிக்காரர்கள் செய்தது அது.

இப்பொழுது உங்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் சபையின் உபதேசியார், கோயில் பணியாளர், ஆலயத்தைப் பெருக்குகிற அம்மா ஆகியோருக்கு என்ன காப்பீடு இருக்கிறது என்று இந்த மாதக் கமிட்டியில் கேளுங்கள். வருமானம் கோட்டுக்குள் இருந்தால் பதிவு செய்துகொடுங்கள். மேலே இருந்தால் முதல் இரண்டு ஆண்டுப் பிரிமியத்தைச் சபை ஏற்கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. முன்பு 18 சதவீதம் இருந்தது. ஊழியர் எல்லாருக்கும் சேர்த்துக் குழுப் பாலிசி எடுத்தால் வரி உண்டு. ஆனால் அதில் பல சமயம் பழைய வியாதிக்கும் முதல் நாளிலிருந்தே இடம் கிடைக்கும். ஊழியரில் மூத்தவர்கள் அதிகமென்றால் வரியைக் கட்டியாவது குழுப் பாலிசியை எடுப்பது நல்லது என்பது எங்கள் எண்ணம்.

சொன்னபடி சிலர் பாலிசியைக் கையோடு கொண்டுவந்திருக்கிறீர்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொருவராக உட்கார்ந்து படிப்போம். அதற்குள் அறை வாடகை எழுதியிருக்கிற பக்கத்தைக் கண்டுபிடித்து மடித்துவையுங்கள்.