முன்வாசல் அடைத்த கடற்கரை



தாய்லாந்தின் மேற்குப் பக்கம், அந்தமான் கடலில், பீ பீ லே என்று ஒரு சின்னத் தீவு. குடியிருப்பு கிடையாது. கடலிலிருந்து செங்குத்தாக எழும் சுண்ணாம்புப் பாறைகள்தாம் தீவின் பெரும்பகுதி. அந்தப் பாறைகள் மூன்று பக்கமும் வளைத்து நிற்க, நடுவில் ஒரு குடா. குடாவின் உள்விளிம்பில் ஏறத்தாழ 250 மீட்டர் நீளத்துக்கு வெள்ளை மணல். மாயா குடா என்று பெயர். படகு இல்லாமல் அங்கே போக முடியாது. ஆனால் இன்று எந்தப் படகும் அந்தக் குடாவுக்குள் நுழையவும் முடியாது. முன்வாசலை அடைத்துவிட்டார்கள். கொல்லை வழியாகத்தான் போகவேண்டும்.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். கிராபி நகரிலிருந்தோ புக்கெட்டிலிருந்தோ பெரிய படகு ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் பீ பீ டோன் தீவு வந்துவிடும். ஆள் வசிப்பது இந்தத் தீவில்தான். 1940களில் முஸ்லிம் மீனவக் குடும்பங்கள் வந்து தங்கின, பிறகு தென்னந்தோப்பு ஆயிற்று, இப்போது எங்கு திரும்பினாலும் விடுதி. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை இந்தத் தீவின் தாழ்ந்த இடுப்புப் பகுதியை இரண்டு பக்கமிருந்தும் அடித்தது, நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். அதன் பிறகும் ஊர் மீண்டு எழுந்து, முன்பைவிட நெருக்கமாகக் கட்டிக்கொண்டது.

இங்கிருந்து தெற்கே பீ பீ லேவுக்கு நீண்டவால் படகு பிடிக்கவேண்டும். மரத்தால் செய்த படகு. பின்பக்கம் ஒரு கார் அல்லது லாரி எஞ்சினைச் சுழலும் தாங்கியில் உட்கார வைத்திருப்பார்கள். அதிலிருந்து நீளமான இரும்புத் தண்டு தண்ணீருக்குள் இறங்கும். அதன் நுனியில் புரொப்பெல்லர். தனியாகச் சுக்கான் இல்லை. படகுக்காரர் எஞ்சினையே முழுதாகத் திருப்பித் திசை மாற்றுகிறார். ஆழம் குறைந்த இடத்தில் தண்டை அப்படியே மேலே தூக்கிவிடலாம். சத்தம்தான் தாங்காது, பக்கத்தில் இருப்பவரோடு பேசுவதை மறந்துவிடுங்கள். படகின் முன்மூக்கில் வண்ணத் துணிகளும் மாலையும் கட்டியிருக்கும். படகைக் காக்கும் மே யா நாங் என்ற தெய்வத்துக்கு உரியது அது. அதன்மேல் கால் வைத்து ஏறாதீர்கள்.

தீவை நெருங்கும்போது பாறையில் ஒரு பெரிய குகை தெரியும். வைக்கிங் குகை என்கிறார்கள். உள்ளே கப்பல் ஓவியங்கள் இருப்பதால் வந்த பெயர். வைக்கிங்குகளுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. குகையின் வாயில் மூங்கில் கட்டைகளும் கயிறுகளும் தொங்கும். உழவாரன் இனத்துக் குருவிகள் தங்கள் எச்சிலாலேயே கட்டும் கூட்டை எடுக்க அவற்றில் ஏறுவார்கள். சீனர்களின் சூப்புக்குப் போகும் கூடு அது, விலை அதிகம். அந்த உரிமையை ஏலம் எடுத்தவர்கள் வெளியாரை உள்ளே விடுவதில்லை. தீவில் கூட்டம் கெடுக்காத இடம் என்று சொன்னால் இதைத்தான் சொல்லவேண்டும், காரணம் பணமாக இருந்தாலும்.

பிறகு படகு தீவைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் லோ சமா என்ற சிறிய குடாவில் மிதவைத் துறைக்கு வரும். முன்பெல்லாம் இங்கே கயிற்று வலையைப் பிடித்துப் பாறையில் ஏறவேண்டியிருந்தது. இப்போது மரப்பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள். காட்டுக்குள் சில நிமிட நடை. மரங்கள் விலகுகிற இடத்தில் மணல்.

ஏன் இந்தச் சுற்றுவழி? 1996இல் அலெக்ஸ் கார்லண்ட் என்ற ஆங்கிலேயர் 'தி பீச்' என்று ஒரு நாவல் எழுதினார். யாரும் அறியாத ஒரு தீவுக் கடற்கரையைச் சில இளைஞர்கள் கண்டுபிடித்து, அது வெளியே தெரியாமல் காக்கப் பார்த்துக் கடைசியில் எல்லாவற்றையும் இழக்கிற கதை. நாவலின் தீவு இருப்பது தாய்லாந்தின் கிழக்குக் கடலில். படம் எடுக்க வந்த ஹாலிவுட் நிறுவனம் மாயா குடாவைத் தேர்ந்தெடுத்தது. லியொனார்டோ டி காப்ரியோ நடித்த அந்தப் படம் 2000இல் வெளிவந்தது. கதைக்குக் கடலே தெரியாத ரகசியக் குடா வேண்டும். மாயாவோ கடல் பக்கம் திறந்திருக்கும். அதனால் திறந்த பக்கத்தைக் கணினியில் பாறை வரைந்து மூடினார்கள். கரையில் மணல்மேட்டைச் சரித்தார்கள், மணலைப் பிடித்து நின்ற செடிகளைப் பிடுங்கினார்கள், வெப்பமண்டலக் கடற்கரை என்றால் தென்னை வேண்டுமே என்று தென்னைகளைக் கொண்டுவந்து நட்டார்கள். ஒளித்து வைக்கவேண்டிய கடற்கரையைப் பற்றிய கதையை எடுத்து, அந்தக் கடற்கரையை உலகம் முழுவதும் திரையிட்டுக் காட்டினார்கள். இதைவிடக் குரூரமான நகைச்சுவை எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

படம் பார்த்தவர்கள் வரத் தொடங்கினார்கள். நாளடைவில் ஒரு நாளைக்கு ஐயாயிரம் பேர், இருநூறு படகுகள் என்ற அளவுக்குப் போயிற்று. எல்லோரும் தேடி வந்தது ஆளில்லாத கடற்கரையை.

ஐயாயிரம் ஜோடிக் கால்கள் மணலை மிதித்ததுதான் கேடு என்று நினைக்கத் தோன்றும். கால்களைவிடப் படகுகள் செய்த கேடு பெரிது. குடா ஆழமற்றது. நங்கூரம் போட்டால் அது பவளப்பாறையில் விழுகிறது. படகு அலையில் ஆட, கயிறு இழுக்க, நங்கூரம் உழுதுகொண்டே போகிறது. புரொப்பெல்லர் அடிமணலைக் கிளப்பிவிடுகிறது. அந்த மணல் பவள உயிரிகள்மேல் படிந்து அவற்றை மூச்சுத் திணற வைக்கிறது; அவற்றுக்கு உணவு தரும் நுண்பாசிகளுக்குச் சூரிய ஒளி எட்டாமல் போகிறது. எஞ்சின் எண்ணெயும் குளிக்கிறவர்கள் தோலில் பூசிய வெயில் களிம்பும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கின்றன. அந்தப் பகுதிப் பவளத்தில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் அழிந்துவிட்டது என்று தாய்லாந்துக் கடல் அறிவியலாளர் தோன் தம்ரோங்நவாசவாத் மதிப்பிட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. அங்கே எல்லோரும் காலணியைக் கழற்றிவிட்டு நடக்க ஆசைப்படுகிற அந்த வெள்ளை மணல், பெரும்பாலும் பவளத்தின் உடைந்த துகளும் சிப்பித் துகளும்தான். பவளத்தைக் கொறித்துத் தின்னும் கிளிமீன்கள் சுண்ணாம்பை மணலாக வெளியேற்றுகின்றன. பவளம் செத்தால் புதிய மணல் வரத்தும் குறைந்துபோகும்.

2018 ஜூன் மாதம் மாயா குடாவை மூடினார்கள். முதலில் நான்கு மாதம் என்றுதான் அறிவித்தார்கள். போதவில்லை என்று நீட்டித்தார்கள், மறுபடி நீட்டித்தார்கள். பெருந்தொற்றும் வந்து சேர்ந்தது. 2022 ஜனவரி முதல் தேதிதான் திறந்தார்கள். இடைப்பட்ட மூன்றரை ஆண்டில் ஆயிரக்கணக்கில் பவளக் கிளைகளை நட்டார்கள். யாரும் நடாமலே வந்தது சுறா. முதுகுச் செட்டையின் நுனி கறுத்த சுறா. கூச்ச சுபாவம் உள்ளது. குட்டிகள் வளர ஆழமற்ற அமைதியான தண்ணீரைத் தேடும். கூட்டம் விலகியதும் டஜன் கணக்கில் கரையோரம் வந்துவிட்டன. இப்போது அங்கே நீந்தக் கூடாது. முழங்கால் அளவுத் தண்ணீர் வரை நிற்கலாம். சுறா கடிக்கும் என்பதற்காக அல்ல, நாம் அவற்றை விரட்டிவிடுவோம் என்பதற்காக.

படப்பிடிப்பால் வந்த சேதத்துக்காக உள்ளூர் அமைப்புகள் 1999இல் போட்ட வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதன் இறுதித் தீர்ப்பு வந்தது 2022இல். இருபத்துமூன்று ஆண்டுகள்! நீதிமன்றத்தைவிடச் சுறாக்கள் சுறுசுறுப்பு.

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகிறேன். இதே கிராபி மாகாணத்தில் குளோங் தோம் என்ற ஊரில் ஒரு சின்னக் கல் கிடைத்தது. பொன்னை உரசி மாற்றுப் பார்க்கும் உரைகல். அதில் தமிழ் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று பொறித்திருக்கிறது. மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். நம்மூர்ப் பொற்கொல்லர் ஒருவரின் பெயர் அந்தக் கரையில் அத்தனை காலம் கிடந்திருக்கிறது. அன்றைக்கு இந்தக் கடலில் வந்தவர்கள் ஆளில்லாத குடாவை அழகுக்காகத் தேடியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஆளும் கடைத்தெருவும் இருக்கிற கரைதான் அவர்களுக்குச் சந்தோஷம் தந்திருக்கும். தனிமையைக் காசு கொடுத்துத் தேடிப்போவது நம் காலத்துப் பழக்கம்.

தவறு என்று சொல்லவில்லை. போங்கள். ஆனால் விதிகள் தெரிந்து போங்கள். ஒரு சுற்றுக்கு 375 பேர், ஒரு மணி நேரம். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் முற்றாக மூடிவிடுவார்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் கடலும் அப்போது பொல்லாதது. தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்கு உள்ளூர்க்காரர்களைவிடப் பல மடங்கு. முணுமுணுக்காமல் கொடுத்துவிடுங்கள், இந்தக் காவலுக்கு யாராவது செலவு செய்யத்தானே வேண்டும். பவளத்துக்குக் கேடான வேதிப்பொருள் கலந்த வெயில் களிம்பைத் தாய்லாந்தின் கடல்சார் தேசியப் பூங்காக்களில் 2021 முதல் தடை செய்திருக்கிறார்கள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டால் பிரச்சினையே இல்லை. நம் மீனவப் பெண்கள் மீன் காயவைக்கும்போது போட்டுக்கொள்வார்களே, அந்த மாதிரி.

குளிக்காமல் திரும்ப மனம் வராதவர்களைப் படகுக்காரர் அதே தீவில் பிலே என்ற இன்னொரு குடாவுக்குக் கொண்டுபோவார். பச்சைத் தண்ணீர், சுற்றிலும் அதே பாறைச் சுவர். அங்கே படகு உள்ளே போகலாம், நீந்தலாம். மாயாவிலிருந்து விலக்கிய கூட்டத்தில் ஒரு பகுதி அங்கேதான் ஒதுங்கியது என்பது என் கணிப்பு. 2018க்கு முன்னால் மாயா எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள், பகல் பதினொரு மணி வாக்கில் பிலேவுக்குப் போகலாம்.