வாசலோடு திரும்பி வரவேண்டாம்

(தோட்ட மகளிர், இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



லயத்துக் கூரை, தண்ணீர்க் குழாய், பிள்ளை மடுவம் பற்றியெல்லாம் பேச வேறு கூட்டங்கள் இருக்கின்றன. இன்றைக்கு நம் கைவேலையைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

நம்ம லயங்களுக்குள் எட்டிப் பாருங்க. வாசல் திரையில் பூத்தையல் இருக்கும். தலையணை உறையில் மயில் இருக்கும். திருவிழாவுக்குச் சோடனை வெட்டுகிற தம்பி ஒவ்வொரு தோட்டத்திலும் ஒருத்தன் இருப்பான். "யாரு செஞ்சது?" என்று கேட்டால், "சும்மா பொழுதுபோக்குக்குச் செஞ்சதுங்க" என்று வெட்கப்படுகிறார்கள். அந்தக் கைகள்தான் பள்ளிக்கூடம் முடிந்த கையோடு கொழும்புக்கு வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போகின்றன. போவது தப்பில்லை. ஆனால், கையில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே போவதுதான் நமக்கு மனவருத்தம்.

அதனால்தான் ஒரு வேலைக்களத்தை நேரில் பார்த்து வாருங்கள் என்று கேட்கிறோம். உதாரணத்துக்கு மாத்தளைக்குப் பக்கத்தில் உள்ள அலுவிகாரையைச் சொல்லலாம். மாசி மகத்துக்கு முத்துமாரியம்மன் கோயில் தேர் பார்க்கப் போகாதவர்கள் நம்மில் குறைவு. அதே வீதியில் தம்புள்ளைப் பக்கம் இன்னும் கொஞ்சத் தூரம் போனால் அலுவிகாரை. கி.மு. முதலாம் நூற்றாண்டில் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்ட கற்குகை விகாரை இருக்கிற ஊர். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிக் காடு கடந்து நடந்து வந்த நம் முன்னோர் மாத்தளைக்கு வந்து சேர்ந்ததும் இந்த வடக்குப் பாதையால்தான். ஆகவே அது நமக்கு அந்நியமான பாதை இல்லை.

அந்த ஊரில் வேலைக்களம் அமைத்தவர் ஈனா டி சில்வா அம்மையார் (1922–2015). முதலாவது இலங்கையர் பொலிஸ் மா அதிபரான சேர் றிச்சர்ட் அலுவிகாரையின் மகள். 1960களில் கொழும்பில் பத்திக் வேலையைத் தொடங்கிப் பேர் பெற்றார். பெந்தோட்டையில் ஜெஃப்ரி பாவா கட்டிய ஹோட்டலின் உட்கூரைக்குப் பத்திக் துணி செய்தவர் இவர். 1982ல் திறந்த பாராளுமன்றக் கட்டடத்தின் கொடிகளும் இவர் கைவண்ணமே. பிறகு தகப்பனாரின் ஊருக்கே திரும்பி வந்து, கிராமத்துப் பெண்களுக்குப் பத்திக், பூத்தையல், ஆண்களுக்குப் பித்தளை, மரவேலை என்று தொழில் ஏற்படுத்திக் கொடுத்தார். அங்கே வேலை செய்தவர்கள் நம்மைப் போலச் சாதாரணக் குடும்பத்து ஆட்கள்தான். இதை மனதில் வையுங்கள்.

பத்திக் எப்படிச் செய்கிறார்கள்? பருத்தித் துணியில் படம் வரைவார்கள். எந்த இடம் வெள்ளையாக இருக்க வேண்டுமோ அங்கே உருகிய மெழுகைப் பூசுவார்கள். பிறகு மஞ்சள் சாயத்தில் தோய்ப்பார்கள். மெழுகு உள்ள இடத்தில் சாயம் பிடிக்காது. மஞ்சளாக நிற்க வேண்டிய இடத்துக்கு மறுபடி மெழுகு. அடுத்தது சிவப்பு, மஞ்சள் மேல் அது ஏறினால் செம்மஞ்சள். இப்படி வெளிறிய நிறத்தில் தொடங்கிக் கடும் நிறத்தில் முடித்து, கடைசியில் கொதிநீரில் போட்டால் மெழுகு கழன்று படம் தெரியும். முதலே கடும் நிறத்தில் தோய்த்துவிட்டால் திரும்பி வர வழியில்லை. இதைக் கண்ணால் பார்க்கிற பிள்ளைக்கு, பொறுமை என்றால் என்ன என்று பிரசங்கம் செய்யத் தேவையில்லை.

சரி, எப்படிப் போவது? பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். வேலை நடக்கிற நாளைக் கேட்டறிந்து, ஒரு கிழமைக்கு முன்னே தொலைபேசியிலோ கடிதத்திலோ சொல்லுங்கள். எந்தத் தோட்டம், எத்தனை பேர், எந்த நேரம், என்ன வேலை பார்க்க விருப்பம், இந்த நாலும் போதும். போயா நாளைத் தவிருங்கள். சிங்களம் வராதே என்று பயப்பட வேண்டாம். "ஆயுபோவன், வெட பலன்ன புளுவன்த?" என்று சிரித்த முகத்தோடு கேளுங்கள், வேலையைப் பார்க்கலாமா என்று அர்த்தம். மிச்சத்தைக் கையும் கண்ணும் பேசிக்கொள்ளும்.

உங்கள் கைவேலை ஒன்றைக் கட்டாயம் கொண்டு போங்கள். மடித்து ஒளித்து வைக்காமல் எடுத்துக் காட்டுங்கள். "இதில் என்ன குறை?" என்று கேளுங்கள். குறை சொன்னால் கோபப்படாதீர்கள்; அந்தப் பாடத்துக்குத்தான் பஸ் காசு கொடுத்தோம். கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். அவர்களுடைய மாதிரியை அப்படியே பார்த்துச் செய்யவும் வேண்டாம். நம்ம கோலமும் கொழுந்துக் கூடையும் நமக்குப் போதாதா? மெழுகு அடுப்புக்குப் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளை விடாதீர்கள். சாமான் வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. திரும்பி வந்ததும் ஒரு நன்றிக் கடிதம் போடுங்கள். அடுத்த முறை போகிறவர்களுக்கு அதுதான் கதவு திறக்கும்.

போய் வந்தால் உடனே வேலை கிடைக்குமா என்று கேட்பீர்கள். கிடைக்கும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் விலை போடத் தெரியவரும். ஒரு தலையணை உறைக்கு ராத்திரி 2 மணி நேரமாக 4 ராத்திரி தைத்தால் 8 மணி நேரம். அது ஒரு முழு நாள் பேர்! நூல் காசுக்கு அதைக் கொடுத்துவிட்டால், ஒரு நாள் பேரைச் சும்மா கொடுத்ததாகும். மலையில் ஒரு கிலோ குறைத்து எழுதினால் விடுகிறோமா? இந்தக் கணக்கிலும் நாம் கவனமாக இருக்க வேண்டும். தொடர்ந்து செய்ய விருப்பமுள்ளவர்கள் தேசிய அருங்கலைகள் பேரவையில் பதிவது பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

"நம்மள உள்ள விடுவாங்களா?" என்று ஒரு தங்கச்சி முன்வரிசையில் மெதுவாகக் கேட்டது எங்கள் காதில் விழுந்தது. விடுவார்களா என்று வாசலில் நின்று யோசித்தால் தெரியாது தங்கச்சி, கேட்டால்தான் தெரியும். ஒரு இடத்தில் இல்லை என்றால் இன்னொரு இடம். வேலை தெரிந்தவர்களுக்கு, வேலையைப் பார்க்க ஆசையோடு வருகிறவர்களைப் பிடிக்கும்.

பேர் கொடுக்க விருப்பமானவர்கள் கூட்டம் கலையுமுன் நலன்புரி உத்தியோகத்தரிடம் எழுதிக் கொடுங்கள். முதல் கடிதத்தை எல்லாரும் சேர்ந்தே எழுதுவோம்.